பதினோரு முறை செத்த சாம்பல்

சாம்பல் பத்தாவது முறையாகச் செத்துக் கிடந்தாள்.

முதல் இரண்டு மூன்று தடவைதான் படாத பாடு படுத்தினாள். இப்போது பழகிவிட்டது. பாகன் சூமர் அவள் காதோரம் குனிந்து "படு" என்று முனகினால் போதும். பின்னங்காலை மடக்கிப் பக்கவாட்டில் சரிந்து, பெருமூச்சு ஒன்றை விட்டுவிட்டு அடங்கிவிடுவாள். அதன்பின் ஒலிவக் கிளைகளையும் நாணலையும் போட்டு அவளை மூட வேண்டும். வயிறு ஏறி இறங்குவது தெரியக்கூடாது, காது ஆடக்கூடாது. செத்த யானையைத் தழையால் மூடாவிட்டால் மற்ற யானைகள் தீனி தொடாது என்பது நுமீதியப் பாகர்களின் நம்பிக்கை. இந்த வழக்கம் ரோமர்களுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. கிட்டே வந்து பார்க்காமல் இருக்க நல்ல சாக்கு.

நாற்றத்துக்கு, வாகா ஊர்ச் சந்தையிலிருந்து ஆட்டுக்குடல் வரும். ஒரு நாள் வெயிலில் கிடந்தால் அது வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அன்றும் பிணத்தைப் பார்த்து எழுத வந்தவன் அதே தொந்தி பெருத்த நூற்றுவர் தலைவன்தான். நாற்பது அடி தள்ளி நின்றான். காடி நனைத்த துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டான். அழுகின மீனைப் பிழிந்து அந்தச் சாற்றை வேளாவேளைக்கு ரொட்டியில் ஊற்றித் தின்கிற ஜாதி, ஆட்டுக்குடலுக்கு முகம் சுளிக்கிறது என்று சூமர் நினைத்துக்கொண்டான்.

"செத்திடுச்சா?" என்று துணிக்குள்ளிருந்து கேட்டான் தலைவன்.

"செத்திடுச்சு. அதே காய்ச்சல்தான்," என்றான் யானைக் கொட்டடி அதிகாரி வெத்தியுஸ்.

தலைவன் மெழுகுப் பலகையில் ஒரு கோடு கிழித்தான். தழைக்கு வெளியே சாம்பலின் முகம் நன்றாகவே தெரிந்தது. இடது தந்தம் பாதியில் ஒடிந்த முகம்; அந்தச் சீமையில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. ஆறு மாதத்தில் பத்து யானை செத்து, பத்துக்கும் இடது தந்தம் ஒடிந்திருந்தது. உலகத்தை ஆள வந்தவர்களில் ஒருத்தனுக்கும் அது கண்ணில் படவில்லை.

இத்தனைக்கும் காரணம் சமாதானம். ஆப்பிரிக்காவின் வடகரையில் நுமீதியாவை ஆண்ட யுகுர்தா ராஜா, ரோமர்களோடு போட்ட சண்டையை நிறுத்திச் சமாதானம் பண்ணிக்கொண்டார். குதிரை, மாடு, முப்பது யானை, எல்லாம் எல்லோரும் பார்க்கக் கொடுத்தார். யாரும் பார்க்காமல் தளபதிகளின் கையில் வெள்ளி கொடுத்தார். கொடுத்துவிட்டு ராஜாவாகவே இருந்துகொண்டார். முப்பதில் பன்னிரண்டு யானைகளைப் பாகர்களோடு சேர்த்து வாகா ஊருக்கு வெளியே ரோமப் பாளையத்தில் கட்டினார்கள். அந்தக் கொட்டடிக்கு அதிகாரிதான் வெத்தியுஸ். அவன் ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லை. யானைகளை ஒவ்வொன்றாக ராஜாவுக்கே திருப்பி விற்க ஆரம்பித்தான். ராஜாவும் வாங்கினார். தன் செருப்பைத் திருடியவனிடமே விலை பேசி வாங்கிப் போட்டுக்கொள்கிற ராஜா.

விற்ற யானை செத்துவிட்டதாக ரோமுக்கு எழுதுவார்கள். எழுதுவதற்கு ஒரு பிணம் வேண்டும். பாகர்களுக்குள் சின்னவன் சூமர், பதினாறு வயது. அவனுடைய சாம்பல்தான் சொன்ன சொல் கேட்டுப் படுக்கிறவள். அதனால் பிணமாக இருக்கும் வேலை அவளுக்கு வந்தது. விற்பதும் பட்டப்பகலில்தான். இருட்டும் வரை காத்திருக்கும் அளவுக்குக்கூட அங்கே யாருக்கும் வெட்கம் இல்லை.

தலைவன் போனதும் வெத்தியுஸ் சூமரின் முதுகில் தட்டினான். வெங்காயம் விற்கிற பெண்களிடம் நுமீதியப் பாஷை கற்றுக்கொண்டவன், எதைச் சொன்னாலும் கூடைக்காரி கூவுகிற மாதிரியே சொல்வான்.

"நல்லா பண்ணினா பாரு. ராசாத்தி. இன்னும் ஒரே ஒரு தடவை."

"அதுக்கப்புறம் ஐயா?"

"அப்புறம் உனக்கும் அவளுக்கும் ஓய்வுதான்."

சிரித்துக்கொண்டே போனான்.

ஓடையில் சாம்பலைக் கழுவும்போது யெப்தான் வந்து உட்கார்ந்தான். சூமரைவிடப் பத்து வயது மூத்த பாகன். மிச்சமிருக்கிற இன்னொரு யானையான பாறை அவனுடையது.

"நாளன்னிக்கு நானும் பாறையும் கிளம்பறோம்டா," என்றான். "இனிமே நீயும் உன் பொண்டாட்டியும் தனிக்குடித்தனம்."

"எங்களை எப்போ விப்பாங்க அண்ணே?"

யெப்தான் ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டான்.

"சொல்லுங்கண்ணே."

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்ல, அதையும் உன் யானைகிட்டக் கொடுத்து வச்சிருக்கியா? பன்னெண்டையும் வித்துட்டு, பன்னெண்டும் செத்துச்சுன்னு சொன்னா, எலும்பு எங்கடான்னு ஒருத்தன் கேக்கமாட்டானா? தந்தம் எங்கடான்னு கேக்கமாட்டானா? ஒண்ணாவது நிஜமா செத்துக் கிடக்கணும்ல."

சூமரின் கை சாம்பலின் விலாவில் அப்படியே நின்றது.

"அது மட்டுமில்ல," யெப்தான் குரலைத் தாழ்த்தினான். "இத்தனை யானைய சாகவிட்டவன் இவன்தான்னு காட்ட ஒரு பாகனும் வேணும். அந்தப் பாகன் வாயைத் திறக்கிற நெலமையில இருக்கக்கூடாது. நேத்து அந்த வெங்காயக்கார வெத்தியுஸ் தச்சன்கிட்ட உளியும் சம்மட்டியும் வாங்கினான். நான் பார்த்தேன். இவ்ளோ நீள உளி. பெட்டி செய்யறதுக்குன்னா நினைக்கிற?"

உளி எதற்கென்று பாகன் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. சண்டையில் யானை வெறிபிடித்துச் சொந்தப் படையை மிதிக்கத் திரும்பினால், கழுத்தும் தலையும் சேருகிற இடத்தில் உளியை வைத்து ஒரே அடி. அதற்குத்தான்.

"இன்னிக்கே ஓடிப்போயிடு," என்றான் யெப்தான். "சண்டையில தோத்தா அவனவன் வீட்டுக்கு நடையைக் கட்டறதுதானே நம்ம ஜனங்க வழக்கம். ஏன்டா வந்தேன்னு எவனும் கேக்கமாட்டான். குன்றுக்கு அந்தப் பக்கம்தானே உன் வீடு."

"இவளை?"

"இவ என்ன உன்னைப் பெத்தவளா?"

"நான் போயிட்டா உளி இவளுக்குத்தானே."

"நீ இருந்தா மட்டும்? ரெண்டு பேருக்கும் ஒரே உளி. அவ்வளவுதான் வித்தியாசம்." யெப்தான் எழுந்து அங்கியைத் தட்டிக்கொண்டான். "வீரன்னு நினைப்போ? மூஞ்சியைப் பாரு. மோர்ல விழுந்த பூனை மாதிரி இருக்கு."

அது உண்மைதான். சூமருக்குத் தொடை நடுங்கியது. ராஜாவை நினைத்தால் கேவலமாக இருந்தது, ரோமர்களை நினைத்தால் அதைவிடக் கேவலமாக இருந்தது. ஆனால் அந்தத் தொடையை நினைத்தபோதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது. அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். நிற்கவில்லை.

மறுநாள் தழை வெட்டப் போகிற சாக்கில் ஊருக்குள் போனான். யானைகளை வாங்க ராஜா அனுப்பிய ஆள் அபிபால், சத்திரத்து வாசலில் உட்கார்ந்து தேனில் ஊறிய அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தார். விரலுக்கு ஒன்றாகப் பத்து மோதிரம். தேன் ஒட்டாமலிருக்க மோதிரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டிருந்தார்.

"சாம்பலையும் வாங்கிடுங்க ஐயா," என்றான் சூமர். "இல்லேன்னா கொன்னுடுவாங்க."

"எது, அந்த ஒத்தைக் கொம்பா?"

"ஒத்தைக் கொம்பு இல்லீங்க. இடது கொம்பு பாதி இருக்கு. நம்ம ராஜாவுக்காகச் சண்டை போட்டப்பதான் ஒடிஞ்சுது."

"ராஜாவுக்காகச் சண்டை போட்டவன் எல்லாரையும் ராஜா விலைகொடுத்து வாங்கினா, அப்புறம் அவர் வெங்காயம்தான் விக்கணும்." அபிபால் விரலை நக்கினார். "தம்பி, பதினொண்ணுன்னு பேச்சு முடிஞ்சாச்சு. பன்னெண்டாவது அவங்களுக்கு வேணுமாம். எதுக்குன்னு நான் கேக்கல. எனக்கு எதுக்கு அந்த வம்பு?"

"என்னையும் கொன்னுடுவாங்க ஐயா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் வருத்தம்கூட வந்தது. ஒரு அத்திப்பழத்தை எடுத்து நீட்டினார்.

"இந்தா, சாப்பிடு. ரொம்ப எளைச்சிருக்க."

சூமர் வாங்கிக்கொண்டான். தெருமுனை திரும்பியதும் அதை ஒரு நாய்க்குப் போட்டான். நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

திரும்பி வந்தபோது கொட்டடி பரபரப்பாக இருந்தது. தொந்திக்காரத் தலைவனுக்கு வயிற்றுப்போக்கு. அடுத்த பிணத்தைப் பார்க்க வேறொரு அதிகாரி வருகிறானாம். இளவயது. ரோமில் பெரிய குடும்பம். கை சுத்தம், ஒரு முட்டைகூட யாரிடமும் சும்மா வாங்கமாட்டான் என்று சிப்பாய்கள் பேசிக்கொண்டார்கள். வெத்தியுஸ் சிடுசிடுவென்று இருந்தான். ஆட்டுக்குடல் போன தடவை வாங்கியதைப்போல் இரண்டு பங்கு வாங்கச் சொன்னான்.

அன்றைக்கு சூமர் இருட்டும் வரை யோசித்தான். காசு வாங்காத ரோமன் ஒருத்தன் இருக்கிறான் என்பதை நம்புவதற்கே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் உளிக்கு முன்னால் கூச்சம் பார்த்து என்ன ஆகப்போகிறது? அந்த அதிகாரி எதிரே சாம்பலை எழுப்பிவிட வேண்டும். செத்த யானை எழுந்து நின்றால் எல்லாம் வெளியே வரும். வெத்தியுஸின் தலை உருளும். யானையைக் கொல்ல வேண்டிய தேவையும் போய்விடும். அப்புறம் மறுபடி ரோமர்களுக்குக் குப்பை அள்ள வேண்டியதுதான். உயிரோடு அள்ளலாம்.

மறுநாள் உச்சி வெயிலில் சாம்பல் பதினோராவது முறையாகச் செத்தாள். பாறையை யெப்தான் காலையிலேயே ஓட்டிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே அபிபாலின் கோவேறு கழுதைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தான். சூமர் தழை மேட்டின் ஓரத்தில், சாம்பலின் காதுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். ஈக்கள் கண்ணுக்குள் புகுந்தன.

புது அதிகாரி மூக்கைப் பொத்தவில்லை. நாற்பது அடியில் நிற்கவில்லை. நேரே நடந்து வந்தான். குடலை மிதித்தான், அதையும் பொருட்படுத்தவில்லை. வெத்தியுஸ் பின்னால் ஓடி வந்தான்.

"வேணாங்க, கிட்டப் போகாதீங்க, காய்ச்சல் ஒட்டிக்கும்."

"மனுஷனுக்கு யானைக் காய்ச்சல் ஒட்டுமா?" என்று கேட்டபடி அதிகாரி குனிந்தான்.

பாளையத்தில் ஆறு மாதம் கிடந்ததில் அவர்கள் பாஷை சூமருக்குப் பாதி புரியும். காசைப் பற்றிப் பேசினால் முழுதும் புரியும்.

இதுதான் நேரம் என்று தெரிந்தது. வாய் திறக்கவில்லை. அதிகாரி ஒடிந்த தந்தத்தைத் தொடக் கை நீட்டினான். அப்போதுதான் சூமர் பார்த்தான்: வெத்தியுஸின் இடுப்பில் உளி. ஓய்வு கொடுக்க நாளை வரைக்கும்கூடக் காத்திருக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை.

"எந்திரி," என்றான் சூமர். குரல் கீச்சென்று வந்தது. பெண்பிள்ளைக் குரல்.

சாம்பல் எழுந்தாள். கிளைகள் நாலாபக்கமும் சரிந்தன. நாணல் முதுகிலிருந்து மழையாகக் கொட்டியது. இரண்டு சிப்பாய்கள் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். புது அதிகாரி பின்னால் நகர்ந்து, குடல் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தான். சாம்பல் உடம்பை ஒருதரம் உதறினாள். பிறகு தன் மேல் கிடந்த ஒலிவக் கிளையையே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் அவள் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

அதிகாரி எழுந்தான். பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டான். யானையைப் பார்த்தான், வெத்தியுஸைப் பார்த்தான், யானை கட்டாமல் காலியாகக் கிடந்த பதினோரு முளைக்குச்சிகளையும் பார்த்தான். சூமர் அவன் முகத்தையே பார்த்தான். இப்போது கத்துவான். இப்போது வாளை உருவுவான்.

"ஒரு யானைக்கு உனக்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்டான் அதிகாரி.

வெத்தியுஸ் சொன்னான். குரலில் ஈரமே இல்லை.

"பதினோரு தடவை?"

"பதினோரு தடவை."

"அந்தத் தொந்திக்காரனுக்கு?"

"அவனுக்குக் கொஞ்சம். கிட்டப் போகாததுக்கு."

"நான் கிட்ட வந்திருக்கேன்," என்றான் அதிகாரி. "அதனால எனக்குப் பாதி."

ஒரு முட்டைகூட வாங்காதவன். முட்டை வாங்கமாட்டான் என்றுதானே சொன்னார்கள், கோழியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று சூமருக்குத் தோன்றியது. அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்தது.

இருவரும் அங்கேயே, குடலுக்கு நடுவில் நின்று பேரம் பேசினார்கள். பாதி, மூன்றில் ஒன்று, மறுபடி பாதி. பேசி முடிந்ததும் வெத்தியுஸ் உளியைத் தடவினான்.

"இதை இன்னிக்கே முடிச்சிடறேன். தந்தத்தை அனுப்பிடலாம், ஒரு கேள்வியும் வராது."

"முட்டாள்," என்றான் அதிகாரி. "பன்னெண்டும் செத்ததை என் கண்ணால பார்த்தேன்னு நான் எழுதினா, எவன்டா தந்தம் கேக்கப் போறான்? எங்க அப்பா யாருன்னு தெரியுமா உனக்கு? உசுரோட விலை போற சாமானை எதுக்கு அடிச்சுக் கெடுக்கிற? அதையும் வித்துடு."

இப்படித்தான் சாம்பல் பிழைத்தாள். நியாயத்தால் இல்லை. இன்னொரு திருடன் வந்து சேர்ந்ததால்.

அபிபாலைக் கூட்டி வந்தார்கள். அவர் யானையைச் சுற்றி வந்து ஒடிந்த தந்தத்தைக் காட்டிக் குறை சொன்னார், வயசைச் சொன்னார், நாற்றத்தைச் சொன்னார். கடைசியில் மோதிரங்களில் இரண்டைக் கழற்றிக் கொடுத்தார்.

"பையன்?" என்றார்.

"பையன் இங்கயே இருப்பான்," என்றான் வெத்தியுஸ். "பேசத் தெரிஞ்ச பையன். அவன்கிட்ட எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு."

"சரி. எங்ககிட்டப் பாகன் நிறைய இருக்கான்," என்றார் அபிபால்.

சூமரை ஒரு சிப்பாய் தோளைப் பிடித்து இழுத்தான். அப்போது தொடை நடுக்கம் நின்றுவிட்டிருந்தது. ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. ஒருவேளை இத்தனை மட்டமான ஆட்கள் கையில் சாகவேண்டுமா என்ற எரிச்சலாக இருக்கும்.

"படு," என்றான், சத்தமாகவே.

சாம்பல் சரிந்தாள். வாசலுக்குப் போகிற ஒரே பாதையின் குறுக்கே, மாலை தீவன வண்டி வரவேண்டிய இடத்தில்.

சிப்பாய்கள் ஈட்டிக் காம்பால் குத்தினார்கள். கயிறு கட்டி எட்டுப் பேர் இழுத்தார்கள். வாசலிலிருந்து யெப்தானைக் கூப்பிட்டு எழுப்பச் சொன்னார்கள். யெப்தான் வந்து, காதில் ஏதோ சொன்னான், தட்டினான், கெஞ்சினான். பாசாங்கு என்று சூமருக்கு மட்டும் தெரிந்தது. அவன் சாம்பலின் காதில் சொன்னது, "அசையாதே மூதேவி."

"நடக்காதுங்க," என்று யெப்தான் கையை விரித்தான். "இது அந்தப் பய சொன்னாத்தான் எந்திரிக்கும். அவன் இல்லாம இது யானையில்ல, குன்று."

"குன்றை நான் எப்படி ராஜா இருக்கிற சிர்த்தாவுக்குத் தூக்கிட்டுப் போறது?" அபிபால் வெத்தியுஸைப் பார்த்தார். "மோதிரத்தைத் திருப்பிக் கொடு."

வெத்தியுஸ் மோதிரத்தைப் பார்த்தான், சூமரைப் பார்த்தான். புது அதிகாரி கொட்டாவி விட்டான்.

"பையனைக் கொசுறாப் போட்டு அனுப்பு," என்றான் அதிகாரி. "அவன் போய் யார்கிட்டச் சொன்னாலும் கேக்கிறவனும் காசு வாங்கினவனாத்தான் இருப்பான்."

சூமர் சாம்பலின் கழுத்தில் ஏறி உட்கார்ந்து "எந்திரி" என்றான். வெங்காயக் கூடையில் மேலே போடுகிற இரண்டு கொத்தமல்லி மாதிரி அவனைச் சேர்த்துப் போட்டார்கள். வாசலைத் தாண்டுகிறவரை முதுகில் ஈட்டி வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. ஈட்டி எறிவதற்கும் யாராவது காசு கொடுத்திருக்க வேண்டும்.

பாளையம் மறைந்ததும் கழுதைமேலிருந்து அபிபால் ஆரம்பித்தார்.

"தம்பி, ராஜா சீக்கிரமே மறுபடி சண்டையை ஆரம்பிப்பார். வில்லாளிங்க நிக்க இவ முதுகில மரக் கோபுரம் கட்டணும். நீ அதுக்கு முன்னால உக்காந்துப்ப. யோகம்தான் உனக்கு."

"யாரோட சண்டை ஐயா?"

"இவங்களோடதான். வேற யாரோட?"

"அப்புறம் மறுபடி சமாதானம் ஆனா?"

அபிபால் கழுதையைத் தட்டி ஓட்டினார். யெப்தான் பாறைமேல் உட்கார்ந்து ஆகாயத்தைப் பார்த்துச் சிரித்தான்.

பாதை பிரிகிற இடம் வந்தது. வலது பக்கம் சிர்த்தாவுக்கு, ராஜாவிடம். இடது பக்கம் குன்றுகளுக்கு. சூமர் இடது குதிகாலால் சாம்பலின் காதுக்குப் பின்னால் அழுத்தினான். அவள் திரும்பினாள்.

"எங்கடா போற?"

"வீட்டுக்கு. தோத்துட்டோம்ல."

"டேய், அது ராஜாவோட யானை. ராஜா வாங்கினது."

"என்னை வாங்கலியே. நான் கொசுறு. நான் போற இடத்துக்கு இவ வரா."

அபிபால் கத்தினார். ராஜா தோலை உரிப்பார் என்றார். பிறகு ஒரு மோதிரம் தருகிறேன் என்றார். பிறகு இரண்டு. கழுதை யானைக்குப் பின்னால் நாலடி வந்துவிட்டு நின்றுகொண்டது.

"யெப்தான், நீ போய் அவனை மறிடா."

"பாறைக்குக் கால்ல முள்ளுங்க," என்று யெப்தானின் குரல் கேட்டது.

மூன்று மோதிரம் என்ற சத்தம் காற்றில் தேய்ந்துபோயிற்று. சூமர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகத்தில் இருப்பதை அவர்கள் பார்த்துவிடுவார்கள். தொடை மறுபடி நடுங்கத் தொடங்கியிருந்தது, சாம்பலின் கழுத்தே அதிர்கிற மாதிரி.

குன்றின் மேலேறியதும் தூரத்தில் குடிசைகள் தெரிந்தன. கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி, அடுத்தடுத்து. அவற்றைச் சுற்றி, அறுவடைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிற பார்லி. சாம்பல் துதிக்கையைத் தூக்கி அந்த வாசனையை இழுத்தாள். நடை வேகமானது.

"மெதுவா," என்றான் சூமர். "மெதுவாடி. அது எங்க அம்மா வயல்."

அவள் காதில் வாங்கவில்லை. குன்றிலிருந்து இறங்கத் தொடங்கினாள். கீழே களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு உருவம் நிமிர்ந்து, கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தது. பிறகு குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தது.